‘ஓர் ஆய்வு’ என்று முடியும் தலைப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள் முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஆய்வுப் படிப்பான எம்.ஃபில்.-ஐ நிறுத்திவிட்டன. நான்காண்டு இளநிலைப் படிப்பில் 75 விழுக்காடு எடுத்தவர் இப்போது நேராக முனைவர் பட்ட ஆய்வுக்கே விண்ணப்பிக்கலாம். இதன் விளைவு, பெங்களூருவில் தமிழ், வரலாறு, சமூகவியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இன்னும் உறைக்கவில்லை. எம்.ஃபில். ஆய்வேட்டில் தடுக்கி விழுந்து கற்றுக்கொண்டதையெல்லாம் இனி முதுகலை ஆய்வேட்டிலேயே கற்றாக வேண்டும். அதையோ ‘ப்ராஜெக்ட்’ என்று சொல்லி, கடைசி மூன்று வாரத்தில் டைப்பிங் கடையில் உட்கார்ந்து முடித்துவிடுகிறார்கள்.

கோளாறு தலைப்பிலேயே தொடங்குகிறது. ‘கோலார் தங்கவயல் தமிழர் வாழ்வியல் – ஓர் ஆய்வு’ என்று ஒரு தலைப்பு வைத்துக்கொள்வோம். இடம் இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள், கேள்வி இல்லை. கேள்வி இல்லாததால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று சொல்ல ஆளில்லை. சுரங்க வரலாற்றுக்கு ஓர் இயல், திருவிழாவுக்கு ஓர் இயல், சமையலுக்கு ஓர் இயல் என்று வீங்கிக்கொண்டே போகும்.

அதே ஊரை இப்படி எடுத்துப் பாருங்கள். தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. பிறகு தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலேறிப் பெங்களூருவில் வேலை பார்த்துத் திரும்புவதே பல குடும்பங்களின் பிழைப்பானது. ‘சுரங்கம் மூடியதால்தான் தங்கவயல் குடும்பங்கள் பிள்ளைகளைத் தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து மாற்றினவா?’ இது கேள்வி. விடை ஆம் என்றும் வரலாம், இல்லை என்றும் வரலாம். எது வந்தாலும் ஆய்வேடு நிற்கும். விடை முன்கூட்டியே தெரிந்துவிட்ட கேள்வியை எடுக்கவே வேண்டாம்.

கேள்வி கிடைத்ததும் அடுத்து எழுத வேண்டியது, ‘என் ஊகம் தவறு என்று எது காட்டும்?’ என்பதற்கான பதில். இந்த ஒரு பக்கத்தைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. மேலே சொன்ன ஆய்வுக்கு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளை 1991 முதல் 2011 வரை ஆண்டுவாரியாக எண்ண வேண்டும். சரிவு 1995-லேயே தொடங்கியிருந்தால் சுரங்கத்தின்மேல் பழி போட முடியாது. சரிவு 2001-க்குப் பிறகுதான் என்றாலும் வேலை முடியவில்லை. ஆங்கிலவழி மோகம் எல்லா ஊரிலும் அடித்த காலம் அது. எனவே சுரங்கமே இல்லாத ஓரிடத்தை, பெங்களூரு கன்டோன்மென்ட் பகுதியின் தமிழ்வழிப் பள்ளிகளைப் போல, பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கும் அதே ஆண்டுகளில் அதே வேகத்தில் குறைந்திருந்தால், காரணம் வேறெங்கோ இருக்கிறது. ஒப்பிட இன்னோர் இடம் இல்லாத ஆய்வை வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் மடக்கிவிடலாம்.

இங்கே ஒரு வழக்கமான சறுக்கல் உண்டு. பதிவேடு கிடைக்கவில்லை என்றதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சி-16 அட்டவணையை எடுத்து ஒட்டிவிடுவார்கள். அது தாய்மொழியைச் சொல்லும். பிள்ளை எந்த மொழியில் படிக்கிறது என்று சொல்லாது. ஆதலால் தலைப்பைப் பதிவு செய்த வாரத்திலேயே நெறியாளரின் கடிதத்தோடு பள்ளிகளுக்கும் கல்வி அலுவலகத்துக்கும் போய் அனுமதி கேளுங்கள். அனுமதி கிடைக்காது என்று முதல் மாதத்தில் தெரிந்தால் கேள்வியை மாற்றலாம். ஐந்தாம் மாதத்தில் தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கருத்துக்கணிப்பு செய்கிறவர்களிடம் 384 என்ற எண்ணுக்கு ஒரு மந்திர மதிப்பு இருக்கிறது. 95 விழுக்காடு நம்பிக்கை, கூட்டியோ குறைத்தோ 5 விழுக்காடு பிழை என்ற கணக்கில் பெரிய மக்கள்தொகையில் எத்தனை பேரைக் கேட்க வேண்டும் என்பதற்கு வரும் எண் அது. ஆனால் எல்லாருக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு இருக்கும்படி குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தால்தான் அந்தக் கணக்கு செல்லும். தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் கூகுள் படிவம் அனுப்பி 384 பதில் வாங்கினால், அது 384 தெரிந்தவர்களின் கருத்து, அவ்வளவுதான். அதைவிட 25 பேரை நேரில் பார்த்து ஆழமாகப் பேசி, ஏன் அந்த 25 பேர் என்பதை எழுதிவிடுவது நேர்மையானது. ஆனால் நேரக் கணக்கு போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். 25 பேரிடம் ஒவ்வொரு மணி நேரம் பேசினால் 100 முதல் 150 மணி நேரம் அதற்கே போய்விடும். ஒவ்வொரு கோப்புக்கும் தேதி, இடம், வரிசை எண் வைத்து, அன்றைக்கே இரண்டு இடத்தில் சேமிக்க வேண்டும்.

கல்வெட்டை எடுக்கிறவர்களுக்கு வேறு பொறி. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைப் பற்றி எழுத, பி. எல். ரைஸ் பதிப்பித்த கல்வெட்டுத் தொகுப்பான எபிகிராஃபியா கர்நாடிகாவின் ஒன்பதாம் தொகுதிக்குத்தான் (1905) போவோம். ஆனால் பின்னால் வந்த திருத்திய பதிப்பில் தொகுதி எண்கள் மாறிவிட்டன. எந்தப் பதிப்பு என்று சொல்லாமல் ‘தொகுதி 9’ என்று மட்டும் குறித்தால், சரிபார்க்கப் போகும் தேர்வாளர் வேறு மாவட்டத்தில் போய் நிற்பார். ஆங்கில மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு முடிவு சொல்வதும் கூடாது. கல்லையும் மூல வாசகத்தையும் பார்த்தே ஆக வேண்டும்.

முன்னாய்வுகளைத் தேட, இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் சோத்கங்கா இணையதளம் போதிய அளவு உதவும். அல்சூர் என்றும் ஹலசூரு என்றும், தமிழிலும் ஆங்கிலத்திலும், எல்லா எழுத்துக்கூட்டலிலும் தேடுங்கள். கிடைத்ததைப் படிக்கும்போதே நான்கு கட்டம் போட்டு, அவர் கேட்ட கேள்வி, வைத்த சான்று, கண்ட முடிவு, விட்ட இடம் என்று குறித்துக்கொண்டால், ‘இன்னார் இப்படிச் சொன்னார், இன்னார் அப்படிச் சொன்னார்’ என்று வரிசையாக அடுக்கும் இயல் வராது. நான்காவது கட்டம்தான் உங்கள் ஆய்வுக்கு இடம்.

ஆய்வேட்டில் பிறர் எழுத்து எவ்வளவு அப்படியே இருக்கிறது என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனையைப் பற்றி வதந்திகள் அதிகம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 விழுக்காடு ஒப்புமை வரை தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்கவே முடியாது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து. மூலம் காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது. தமிழ் ஆய்வேடுகளில் இன்னொரு சிக்கல்: டைப்பிங் கடையின் பழைய எழுத்துருவில் அடித்தது மென்பொருளுக்கு வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். ஒப்புமை பூச்சியம் என்று வந்தால் மகிழ வேண்டாம், சோதனையே நடக்கவில்லை என்று பொருள். முதல் நாளிலிருந்து யுனிகோடில் அடியுங்கள். அதிலும் ‘கௌ’ வர வேண்டிய இடத்தில் கெ-யும் ள-வும் சேர்த்து அடித்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் அகப்படாது.

துணைநூற்பட்டியலுக்கு ஜோட்டெரோ போன்ற இலவச மென்பொருள் போதும். ஆனால் அது குடும்பப் பெயரை எதிர்பார்க்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பெயருக்கு ஒரே கட்டம் வைக்கும் வசதியை அதில் தேர்ந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் தந்தையின் பெயர் நூலாசிரியராகி அகர வரிசை குலைந்துவிடும். பக்க ஓரம், வரி இடைவெளி எல்லாம் உங்கள் பல்கலைக்கழகக் கையேட்டில் இருக்கும். அதன்படி செய்தால் போதும்.

எழுதும் வரிசையும் அச்சாகும் வரிசையும் ஒன்றல்ல. சான்று இயல்களை முதலில் எழுதுங்கள், முடிவுரை அடுத்து, முன்னுரை கடைசி. முடிவுரையின் ஒவ்வொரு வரிக்கும் எந்த இயலின் எந்த அட்டவணை ஆதாரம் என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். குறிக்க முடியாத வரியை அடித்துவிடலாம்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. முனைவர் பட்ட ஆய்வேடு சோத்கங்காவில் ஏறுகிறது. முதுகலை ஆய்வேடு துறை அலமாரியோடு சரி, நான்கு வருடம் கழித்து இன்னொரு மாணவர் அதே கேள்வியை முதலிலிருந்து தொடங்குகிறார். தமிழ்ப் பொருளில் எழுதுகிறவர்கள் பைண்டிங் போடும்போது ஒரு படி கூடுதலாகப் போட்டு, அல்சூர் ஏரிக்கரையில் உள்ள பெங்களூருத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கொடுக்கலாம். சங்கமும் அவற்றுக்கென ஓர் அலமாரி ஒதுக்கினால் நன்றாயிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வு நெறியாளர்,
அல்சூர், பெங்களூரு.