பக்கத்து வீட்டில் யார் என்று தெரியாத ஊரா இது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றே யாருக்கும் தெரியாது, ஒரு கஷ்டம் என்றால் எட்டிப் பார்க்க நாதியில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் எந்தச் சென்னையைச் சொல்கிறாரோ தெரியவில்லை. நான் தண்டையார்பேட்டைக்கு வாக்கப்பட்டு வந்தவள். எங்கள் தெருவில் யார் வீட்டில் இன்றைக்கு என்ன குழம்பு என்பது வரை எல்லாருக்கும் தெரியும். சில நேரம் அது பெரிய தொல்லை, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் போன வருடம் என் வீட்டுக்காரர் படுத்துவிட்டபோது எங்களைத் தூக்கி நிறுத்தியது அந்தத் தொல்லைதான்.

அவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுபவர். ஒரு நாள் காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து டம்ளர் நழுவியது, வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சத்தம் கேட்டு வந்த எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணன், "இது பக்கவாதம்மா, வாயில எதுவும் ஊத்தாதே, வண்டியில ஏத்து" என்றார். முதலில் போன தனியார் இடத்தில் ஸ்கேன் எடுக்கவே முன்பணம் கேட்டார்கள். அண்ணன் அங்கே நின்று வாதாடவில்லை, வண்டியைத் திருப்பி நேராக அரசு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். மூளையில் ரத்தக்கட்டி அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டுமாம், அதுவும் ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று உறுதியான பிறகுதான். எங்களுக்கு நேரம் இருந்தது. இன்றைக்கு அவர் கம்பு ஊன்றியாவது நடக்கிறார் என்றால் அந்த ஆட்டோதான் காரணம்.

அரசு ஆஸ்பத்திரியில்தான் செலவே இல்லையே, அப்புறம் என்ன கஷ்டம் என்று கேட்டவர்களும் உண்டு. படுத்திருப்பவருக்குச் செலவில்லை, சரி. வீட்டு வாடகையும் கரண்ட் பில்லும் மகளின் காலேஜ் ஃபீஸும் படுக்குமா? அவருக்கு வண்டி ஓடினால்தான் காசு. நான் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன், லீவு போட்டால் அன்றைய சம்பளம் கட். துறைமுகத்துக்கு வெளியே லைனில் நின்ற டிரைவர்கள் ஆளுக்கு ஐம்பது நூறு என்று போட்டு ஒரு பிளாஸ்டிக் கவரில் கொண்டுவந்து கொடுத்தார்கள், அது அந்த மாத வாடகைக்குப் போனது.

இந்த மாதிரி நேரத்தில் சொந்தக்காரர்களுக்கு முன்னால் மோப்பம் பிடித்து வருபவர், தினத் தவணைக்குக் கடன் கொடுக்கும் தண்டல்காரர். ரொம்ப அனுதாபமாகத்தான் பேசுவார். பத்தாயிரம் என்று எழுதிக்கொள்வார், கையில் எட்டாயிரத்து ஐந்நூறு வைப்பார், மறுநாளிலிருந்து தினம் நூறு ரூபாய், நூறு நாளைக்கு. அநியாய வட்டி வாங்கக்கூடாது என்று 2003லேயே சட்டம் வந்துவிட்டது, அது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது, தண்டல் எங்கள் வாசலில் இருக்கிறது.

நான் அந்தப் பக்கம் போகாமல் தப்பித்தது சீட்டால். தெருப் பெண்கள் சேர்ந்து போடும் குலுக்கல் சீட்டு. பதிவு செய்யாத சீட்டு தப்பு என்று யாராவது பதில் கடிதம் எழுதுவார்கள், எழுதட்டும். அந்த மாதம் டப்பாவைக் குலுக்கி எடுத்ததில் காசிமேட்டிலிருந்து மீன் எடுத்துவந்து விற்கும் பாட்டியின் பெயர் வந்தது. பேத்திக்குக் காதுகுத்து வைக்க வேண்டும் என்று அவர் அந்தப் பணத்துக்குத்தான் காத்திருந்தார். துண்டுச்சீட்டைப் பிரித்துக் காட்டியதும், மீன் கழுவிய ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "இதை அவளுக்கு எழுதிக்கோ, நான் அப்புறம் எடுத்துக்கறேன், புள்ளைக்குக் காது எங்கேயும் ஓடிடாது" என்றார். பேச்சு அவ்வளவுதான், உடனே அடுத்த மாதம் யார் வீட்டில் குலுக்குவது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

அது கடனும் இல்லை, தர்மமும் இல்லை. நான் கட்டிய, கட்டப்போகிற பணம், கொஞ்சம் முன்னால் கைக்கு வந்தது. அதனால் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க முடிந்தது. ஆறுதல் சொல்ல வந்த சில சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு ஏழரைச் சனியையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

வார்டில் எங்களுக்கு ஆசான் பக்கத்து பெட்டுக்காரரின் மனைவி, மீஞ்சூர்க்காரர். முதல் நாளே என்னை அம்மா உணவகத்துக்கு இழுத்துப்போய் ஒரு ரூபாய் இட்லியைத் தட்டில் வைத்து, "நீ சாப்பிட்டாதான் அவரைத் தூக்க முடியும்" என்றார். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் வேண்டும், வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீஸில் போட்டோ எடுக்க வேண்டும், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும் என்று ஒப்பிப்பார். எங்களுக்கு வருமான வரம்பு ஒத்துவரவில்லை, அவர் சொல்லித்தந்த வேறு இரண்டு பேருக்கு ஒத்துவந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி செய்பவர் வீட்டுக்கே வருவார் என்பதும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள், பிரஷர் மாத்திரையும் அப்படித்தான் வருகிறது.

என் மகள் விஷயத்தையும் சொல்லவேண்டும். அவள் ராத்திரியில் மொட்டைமாடிக்குப் போய் 14416 என்ற எண்ணுக்குப் பேசியிருக்கிறாள். மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ், இலவசம், எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அம்மாவிடம் சொன்னால் அம்மா உடைந்துவிடுவாள் என்று வெளியாளிடம் பேசியதாக ரொம்ப நாள் கழித்துச் சொன்னாள். நோயாளியை எல்லாரும் விசாரிக்கிறோம், அந்த வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை யார் விசாரிக்கிறோம்?

வடசென்னை என்றால் வெட்டுக்குத்துச் செய்திக்கு நாலு பத்தி ஒதுக்குகிறீர்கள். அதில் ஒரு பத்தியை இந்த விவரங்களுக்குக் கொடுங்கள் ஐயா. வீட்டுக்கு வரும் பிசியோதெரபிக்கு எங்கே பெயர் கொடுப்பது, காப்பீட்டு அட்டைக்கு என்னென்ன காகிதம், ராத்திரியில் எந்த எண்ணுக்குப் பேசுவது என்று பெரிய எழுத்தில் வந்தால் வெட்டி வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி நிர்வாகமும் ஒவ்வொரு வார்டு வாசலிலும் அதைத் தமிழில் எழுதி ஒட்டலாம். மீஞ்சூர் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார், அந்த வார்டுக்கு இன்றைக்குப் புதிதாக வந்தவளுக்குச் சொல்ல ஆளில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தண்டையார்பேட்டை, சென்னை.