ஒளிப்படச் சங்கத்தின் ஆண்டறிக்கை: பாலைப் பாறையும் மணற்காற்றும்

தலைவர் அவர்களுக்கும், உறுப்பினர்களுக்கும், உடன் வந்திருக்கும் வீட்டாருக்கும் செயலாளரின் வணக்கம்.

மாதக் கூட்டம் இரண்டாம் ஞாயிறுகளில் வழக்கம்போல நடந்தது. சித்திரையில் மட்டும் பல ஊர்களில் பூச்சாட்டு இருந்ததால் விட்டுவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குச் சொல்ல வேண்டியது ராஜஸ்தான் பயணத்தைப் பற்றித்தான். நம் சங்கம் இதுவரை செய்ததில் பெரிய வேலை அது. கைக்காசு போட்டு வந்தவர்கள் என்ன கற்றுக்கொண்டு திரும்பினார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும்.

தையில் போயிருந்தால் வெயிலும் காற்றும் அளவாக இருந்திருக்கும். ஆனால் நம்மில் பாதிப்பேருக்கு அது மஞ்சள் வெட்டும் காலம். வெட்டி, வேக வைத்து, காயப்போட்டு முடித்து மார்ச் கடைசியில்தான் ரயில் ஏற முடிந்தது. மே, ஜூனில் அங்கே பெரிய புழுதிப் புயல்களே வரும். அவற்றுக்கு நாங்கள் தப்பித்தோம், காற்றுக்குத் தப்பவில்லை.

காற்று நமக்குப் புதிதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்றில்தான் பல்லடம், உடுமலைப் பக்கக் காற்றாலைகள் எல்லாம் சுற்றுகின்றன. போன ஆடியில் இரண்டு ஞாயிறு அந்த மேட்டாங்காடுகளில் நின்று பயிற்சி எடுத்தோம். கேமராவைத் தாங்கும் முக்காலியான டிரைபாடின் நடுத்தண்டை உயர்த்தக் கூடாது, காலை அகட்டித் தாழ்வாக நிறுத்த வேண்டும், கேமரா வாரைக் கழற்றிவிட வேண்டும். வார் படபடவென்று அடித்தால் அந்த அதிர்வே படத்தைக் கெடுத்துவிடும். இதெல்லாம் நம் ஊரிலேயே பழகியிருந்தோம். மணலுக்கு மட்டும் அந்தப் பழக்கம் போதவில்லை.

முதலில் ஜோத்பூர். மெஹ்ரான்கர் கோட்டை நிற்கும் பாறை, எரிமலைக் குழம்பும் சாம்பலும் இறுகி உண்டானது, சுமார் 75 கோடி ஆண்டுப் பழசு. கோட்டையை ஒட்டி ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா இருக்கிறது. அந்த இடம் முழுக்க ஒரு காலத்தில் சீமைக் கருவேலம் மூடியிருந்ததாம். பாறை வெட்டத் தெரிந்த ஆட்களைக் கொண்டு வேரைப் பாறையோடு உளி வைத்துத் தோண்டி எடுத்து, பாலைச் செடிகளை நட்டிருக்கிறார்கள். 2006இல் தொடங்கிய வேலை. நம் குளங்களும் ஓடைகளும் எப்படிக் கிடக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு அங்கே கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது பாறையின் விரிசல் ஒவ்வொன்றும் கோடு கிழித்த மாதிரி தெரிந்தது. பத்து மணிக்கு மேல் எல்லாம் தட்டையாகிவிட்டது.

அடுத்து ஜெய்சல்மேர். அங்கிருந்து 17 கிலோமீட்டரில் ஆகல் கல்மரப் பூங்கா. 18 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நம் விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரைக் கல்மரங்கள் 2 கோடி ஆண்டு என்பார்கள். இது அதற்கும் வெகு முந்தியது.

காலை ஒன்பது மணி வரை காற்று அடங்கியிருந்தது. அப்புறம் பிடித்துக்கொண்டது. மணல் தரையை ஒட்டி, பாம்பு ஊர்வதைப் போல ஓடியது. மணற்பருக்கை காற்றில் மிதப்பதில்லை, தத்தித் தத்திப் போகிறது. பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழேயே. காற்றில் தேய்ந்த பாறைகள் அடியில் ஒடுங்கி மேலே பருத்துக் காளான் போல நிற்பதற்கும் காரணம் இதுதான். நானோ கல்மரத்தின் வளையங்களைக் கிட்டத்தில் எடுக்க ஆசைப்பட்டு, கேமராவை அந்த மணலோட்டத்துக்குள்ளேயே இறக்கிவிட்டேன். சற்று நேரத்தில் ஜூம் வளையத்தைத் திருகினால் நறநறவென்றது. லென்ஸுக்கு முன்னால் காப்பாக மாட்டியிருந்த ஃபில்டர் கண்ணாடியில் புழுதி. பையில் இருந்த திருப்பூர் பனியன் துணியை எடுத்து ஒரு துடைப்புத் துடைத்தேன்.

எங்களோடு வந்திருந்த அக்கா ஒருவர் பின்னாலிருந்து சத்தம் போட்டார்: “தம்பி, தொடைக்காதீங்க! மொதல்ல ஊதுங்க!”

அவர் சொல்வதற்குள் கை ஒரு சுற்று சுற்றிவிட்டது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஃபில்டரில் பிறை போல மெல்லிய கீறல். மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதன் கடினம் 7, சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரைதான். துணி எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அறுப்பது மணல். ஃபில்டர் போட்டிருந்ததால் லென்ஸ் பிழைத்தது. ரப்பர் ப்ளோயரால் ஊதி, மென்தூரிகையால் தட்டி, அதற்கப்புறம்தான் துணி. இதை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அக்கா வேலை செய்த விதத்தை எல்லோரும் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கேமரா, இரண்டிலும் லென்ஸை விடுதி அறையிலேயே மாட்டிக்கொண்டு வந்தார். வெளியில் ஒரு முறைகூடக் கழற்றவில்லை. நீண்டு சுருங்கும் ஜூம் காற்றோடு புழுதியையும் உள்ளே இழுக்கும் என்று ஜூம் இல்லாத நிலையான லென்ஸ்களையே எடுத்து வந்திருந்தார். காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, சென்னிமலைத் துண்டைக் கேமராவுக்கு முக்காடு போட்டு, காற்று ஓயும் இடைவெளியில் மட்டும் எடுப்பார். தரையோரப் படங்களை விடியலுக்கு ஒதுக்கிவிட்டார். மாலையில் சூரியனுக்கு எதிரே நின்று, ஓடும் மணலை நொடியில் 15இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்த படம் நம் கண்காட்சியில் நுழைவாயிலிலேயே இருந்தது. பாறை அசையாமல் நிற்க, அதன் காலடியில் மணல் பொன் நூலாக ஓடும். நம் சங்கத்தில் இதுவரை வந்த படங்களில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான்.

ஊர் திரும்பியதும் எல்லோரும் லென்ஸின் துளையை நன்றாகச் சுருக்கி, எஃப் 22இல் வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தோம். வெளியில் லென்ஸ் மாற்றியவர்களின் படத்தில் எல்லாம் கரும்புள்ளி, கேமராவுக்குள் போய் சென்சாரில் ஒட்டிய புழுதி. துளை அகன்ற எஃப் 4இல் தெரியாத புள்ளிகள்தான், ஆனால் பாறை முழுக்கத் தெளிவாக வேண்டுமென்று எஃப் 16க்குப் போனால் வானத்தில் வந்து நின்றுவிடும். டிரைபாட் கால்களையும் பிரித்து நல்ல தண்ணீரில் கழுவினோம். காலின் அடிப்பகுதியை நீட்டாமல் வைத்திருந்தவர்களுக்கு அந்த வேலை சீக்கிரம் முடிந்தது.

கண்காட்சிக்கு வந்த பள்ளிப் பிள்ளைகள் கல்மரப் படத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அவர்களைத் திருவக்கரைக்கு அழைத்துப் போக வேண்டும் என்று செயற்குழு விரும்புகிறது. ஒரு நாளில் போய்வர முடியாது, இரவு தங்க வேண்டியிருக்கும், பெற்றோர் சம்மதம் வேண்டும்.

சங்கத்துக்குப் பொதுவாக ஆறு ப்ளோயரும் தூரிகைகளும் வாங்க இக்கூட்டம் ஒப்புதல் தர வேண்டும். அடுத்த பாலைப் பயணம் மஞ்சள் வெட்டுக்கு முன்பே, டிசம்பரில். வர விரும்புகிறவர்கள் வருகிற ஆடிப் பயிற்சி இரண்டுக்கும் கட்டாயம் வந்திருக்க வேண்டும். பெயரை ஆனி முடிவதற்குள் என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்