திருப்பூரில் இருக்கும் தம்பிக்கு

தம்பி, இங்கே எல்லோரும் நலம். உன் நலம் அறிய ஆவல். கறுப்பி கிடேரிக் கன்று போட்டிருக்கிறாள். சித்தப்பா விஷயம் அப்படியேதான் கிடக்கிறது, எழுதி என்ன ஆகப்போகிறது.

போன வாரம் அங்கன்வாடி டீச்சர் ஓட்டர் லிஸ்ட்டோடு வந்தார். நம் பூத்துக்கு லிஸ்ட்டைச் சரிபார்க்கிற பி.எல்.ஓ. அவர்தான். உன் பெயரில் விரலை வைத்து, "தம்பி இங்கே இருக்குதா, வெளியூர் போயிருச்சா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். உனக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. வேலை நேரம் என்று நினைத்தேன். ராத்திரியும் எடுக்கவில்லை. ஓவர்டைமாக இருக்கும். பணம் வரவில்லை என்பதற்காக எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே.

இரண்டு ஊரிலும் பெயர் வைத்துக்கொள்ளக் கூடாதாம். திருப்பூர்தான் என்றால் படிவம் 8 எழுதிக் கொடுத்து அங்கே மாற்றிக்கொள்ளலாமாம். மாற்றிக்கொள் என்றுதான் நானும் சொல்வேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. பெயர் இங்கே இருந்தால் ஓட்டுப் போடவாவது வருவாய் என்கிறார்.

பொங்கலன்று, "ஓட்டுப் போட்டு என்னத்தைக் கண்டோம்" என்று அவரிடம் மல்லுக்கு நின்றாயே, அன்று நான் பேசவில்லை. இப்போது சொல்கிறேன். லைன் வீட்டு வாசலில் சாக்கடைத் தண்ணி நிற்கிறது என்று நீதானே சொன்னாய்? அந்தக் காம்பவுண்டில் இருக்கிற அத்தனை பேர் ஓட்டும் புதுக்கோட்டையிலும் தேனியிலும் திருவண்ணாமலையிலும் கிடந்தால், அங்கே கவுன்சிலர் உங்கள் பக்கம் எதற்குத் திரும்பப்போகிறார்? நம் தெருவுக்குக் குழாய் வந்தது எப்படி? லிஸ்ட்டைத் தெருவாரியாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்கள். ஏழை வீட்டை எண்ணுவது அந்த ஒரு இடத்தில்தான்.

பதினெட்டு வயதுக்கு ஓட்டு வந்த 1989-ல்தான் நான் முதல் ஓட்டுப் போட்டேன். குவாரியிலிருந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேஸ்திரி காட்டிய சின்னத்தில் குத்திவிட்டு, ரேகை வைத்துவிட்டு வந்தேன். ஷீலா ராணி சுங்கத் நம் புதுக்கோட்டைக்குக் கலெக்டராக இருந்தபோது, எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிற அறிவொளி இயக்கம் வந்தது. ராத்திரி லாந்தர் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினோம், பகலில் சைக்கிள் பழகினோம். 1996-ல் பூத்தில் கையெழுத்துப் போட்டேன். சீட்டில் இருந்த ஒவ்வொரு பெயரையும் நானே வாசித்தேன். பின்னால் நின்றவர்கள், "சீக்கிரம்" என்று சத்தம் போட்டார்கள். போடட்டுமே. பத்தாவதில் நீ தமிழில் வாங்கிய மார்க்கை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் நான். படித்த பிள்ளை நீயா இப்படிப் பேசுகிறாய்?

காசு வாங்கிக்கொண்டுதானே போடுகிறார்கள் என்பாய். 2016-ல் தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலையே நிறுத்திவைத்தார்கள். ஒன்றுக்கும் ஆகாத ஓட்டுக்கு அவ்வளவு காசை எவன் கொட்டுவான்?

லீவு தரமாட்டார்கள் என்று சாக்குச் சொல்லாதே. ஓட்டுப்பதிவு அன்று சம்பளத்தோடு லீவு தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. தினக்கூலிக்கும் உண்டு. பூத் வேறு ஊரில் இருந்தாலும் உண்டு. கம்பெனியில் கேள். அதே கம்பெனியில்தானே இருக்கிறாய்? மேலத்தெருப் பையன் ஏதோ சொன்னான், நான் காதில் வாங்கவில்லை. வேறு இடம் மாறியிருந்தாலும் ஒன்றும் இல்லை தம்பி, விலாசம் மட்டும் சொல். படிவத்துக்கு விலாசம் வேண்டுமே.

வேளைக்குச் சாப்பிடு. படிவம் 8, மறந்துவிடாதே. கூட இருக்கிற பையன்களையும் எழுதிக் கொடுக்கச் சொல்.

டீச்சர் வெள்ளிக்கிழமை திரும்ப வருகிறார். இங்கேயா அங்கேயா என்று அதற்குள் சொல்லிவிடு. பகலில் நூறு நாள் வேலைக்குப் போய்விடுவேன், ராத்திரி கூப்பிடு. எவ்வளவு நேரமானாலும் சரி.

அம்மா