ஈசியுவை மாற்றினால் மட்டும் சக்தி கூடிவிடாது

ஆசிரியருக்கு வணக்கம்.

டர்போ கார்களின் சக்தியைக் கூட்டுவது பற்றித் தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரை, கம்பெனி ஈசியுவை (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) கழற்றிவிட்டு, வெளியில் விற்கும் ஆஃப்டர்மார்க்கெட் ஈசியுவைப் போடுவதுதான் முதல் வேலை என்கிறது. இதை நம்பி நல்ல காரைப் பிரித்துப் போடப்போகிறவர்களை நினைத்தால் கவலையாக இருக்கிறது. சக்தி வருவது காற்றிலிருந்தும் பெட்ரோலிலிருந்தும்தான். ஈசியு அவற்றை அளந்து கொடுத்து, எப்போது பற்றவைப்பது என்று முடிவு செய்கிறது. டர்போவும் (பெட்ரோலைப் பீய்ச்சும்) இன்ஜெக்டரும் மாறாத காரில் அதே பூஸ்ட் (டர்போ ஏற்றும் கூடுதல் காற்றழுத்தம்), அதே பெட்ரோல், அதே பற்றவைப்பு டைமிங்கை எந்த ஈசியு கொடுத்தாலும், சக்தியை அளக்கும் டைனோவில் ஒரே எண்தான் வரும்.

அப்படிப்பட்ட காருக்கு ரீமேப், அதாவது கம்பெனி ஈசியுவுக்குள் இருக்கும் எண் அட்டவணைகளை (மேப்) மாற்றி எழுதுவது, போதும். ஆனால் அதிலும் அரைகுறை வேலை நிறைய நடக்கிறது. போஷ் மோட்ரானிக் எம்இ7 போன்ற ஈசியுக்கள் டார்க் (சுழற்றும் விசை) கணக்கில் இயங்குபவை. ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது இத்தனை டார்க் வேண்டும் என்று கேட்பதாகவே அதற்குப் பொருள். அதற்கு எவ்வளவு காற்று, எவ்வளவு பூஸ்ட், த்ராட்டில் (காற்று உள்ளே போகும் கதவு) எவ்வளவு திறக்க வேண்டும் என்பதை அதுவே கணக்கிடும். பூஸ்ட் டேபிளில் மட்டும் எண்ணை ஏற்றிவிட்டு டார்க் வரம்புகளைத் தொடாமல் விட்டால், கேட்டதைவிட அதிகக் காற்று வருகிறதே என்று த்ராட்டிலை மூடிவிடும். ஓட்டத்தின் பதிவில் (லாக்) பெடல் 100 சதவீதம் என்றும் த்ராட்டில் 60 என்றும் தெரியும். உடனே கம்பெனி ஈசியு ஒத்துழைக்கவில்லை என்கிறார்கள். தப்பு மேப் எழுதியவருடையது.

பூஸ்ட் சென்சாரின் சிக்னலைக் குறைத்துக் காட்டும் குட்டிப் பெட்டிகளை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். உள்ளே 1.3 பார் இருக்கும்போது 1 பார் என்று நம்பும் ஈசியு, தனக்கிருக்கும் பாதுகாப்புகளையும் அந்தப் பொய்யின் மேல்தான் இயக்கும்.

பெரிய டர்போ வைத்தால்கூட உடனே ஈசியுவை மாற்ற வேண்டியதில்லை. 2.5 பார் மேப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது, ஈசியு மேப் வேறு) வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து அளப்பதால் சுமார் 1.5 பார் பூஸ்டோடு அதன் அளவு முடிந்துவிடும். 3 பார் சென்சார் போட்டு அளவீட்டைத் திருத்திக்கொள்ளலாம். 6000 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு 20 மில்லி வினாடிதான். அதில் இன்ஜெக்டர் 17 மில்லி வினாடியைத் தாண்டித் திறந்திருந்தால் பெரிய இன்ஜெக்டருக்குப் போக வேண்டும். அப்போது இன்ஜெக்டர் எவ்வளவு பெட்ரோல் விடும் என்ற சிசி எண்ணோடு, பேட்டரி வோல்டேஜுக்கு ஏற்ப மாறும் டெட் டைமையும் (இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் தாமதம்) ஈசியுவில் எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் முழு பூஸ்டில் நன்றாக ஓடும் கார் ஐடிலில் தள்ளாடும்.

ஆஃப்டர்மார்க்கெட் ஈசியு அவசியமாகும் கார்களும் உண்டு. உள்ளே இருக்கும் மேப்பைத் திறந்து எழுத வழியே இல்லாத பழைய கார், வேறு காரின் என்ஜின் ஏறிய கார், இரண்டாவது இன்ஜெக்டர் வரிசை, எத்தனால் சென்சார், ஆயில் பிரஷர் விழுந்தால் என்ஜினை வெட்டும் பாதுகாப்பு தேவைப்படும் பந்தயக் கார் ஆகியவை அந்த வகை. புதிய காரில் யோசித்துச் செய்யுங்கள். கியர்பாக்ஸ், ஏபிஎஸ், மீட்டர், இம்மொபிலைசர் எல்லாம் கேன் லைனில் (காரின் கணினிப் பெட்டிகள் பேசிக்கொள்ளும் வயர்) கம்பெனி ஈசியுவின் செய்திகளை எதிர்பார்த்திருக்கும். பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் டைரக்ட் இன்ஜெக்ஷன் என்றால் இன்ஜெக்டரைத் திறக்கவே சுமார் 65 வோல்ட் வேண்டும். சாதாரண ஆஃப்டர்மார்க்கெட் ஈசியு அதை நேராக ஓட்டாது.

கட்டுரை ஒரு வரிகூடச் சொல்லாத வேலைதான் அதிக பிஸ்டன்களைக் காப்பாற்றுகிறது: புது ஈசியு போட்டதும் செய்யும் பேஸ் டைமிங் சரிபார்ப்பு, அதாவது திரை காட்டும் பற்றவைப்பு நேரமும் என்ஜினில் உண்மையில் நடப்பதும் ஒன்றா என்று பார்ப்பது. இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரால் என்ஜினைச் சுழற்றி, ட்ரிக்கர் சிங்க் (சென்சார் சிக்னலை வைத்து ஈசியு என்ஜினின் நிலையை அறிவது) விடாமல் வருகிறதா என்று முதலில் பாருங்கள். புல்லியில் உள்ள டிடிசி (பிஸ்டன் உச்சியில் இருக்கும் நிலை) குறியையும் நம்பிவிடாதீர்கள். ரப்பர் டாம்பர் புல்லியின் வெளிவளையம் நழுவியிருக்கலாம். முதல் சிலிண்டரில் டயல் கேஜ் வைத்து உறுதி செய்யுங்கள். பிறகு சாஃப்ட்வேரில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டி, என்ஜினை ஓடவிட்டு, டைமிங் லைட்டைப் பிடியுங்கள். லைட்டின் டயல் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஒரு முழுச் சுழற்சியில் இரண்டு முறை பொறி விடும் வேஸ்டட் ஸ்பார்க் என்ஜினில் டயலைத் திருப்பி அளந்தால் பல லைட்டுகள் இரு மடங்கு காட்டும். குறி 10இல் நிற்கவில்லை என்றால் ஆஃப்செட்டைத் திருத்துங்கள். அடுத்து 4000 ஆர்பிஎம் வரை ஏற்றுங்கள். குறி நகர்ந்தால் க்ராங்க் சென்சார் காந்த வகையா என்று பாருங்கள். அதன் இரண்டு வயரும் மாறியிருக்கலாம். இதைச் செய்யாமல் 6 டிகிரி தப்போடு பூஸ்ட் ஏற்றினால், திரை 14 காட்டும்போது என்ஜின் வாங்குவது 20. கொஞ்ச நேர நாக்கிலேயே (பெட்ரோல் கலவை தானாக வெடித்துத் தட்டுவது) பிஸ்டனின் ரிங் லேண்ட் (ரிங்குகளுக்கு இடையே உள்ள விளிம்பு) உடைந்துவிடும்.

நாக் சென்சாரும் தானாக வேலை செய்யாது. 1800ஐ பையாலும் (3.14), மில்லிமீட்டரில் போர் (சிலிண்டரின் விட்டம்) அளவாலும் வகுத்தால் கேட்க வேண்டிய அலைவரிசை கிலோஹெர்ட்ஸில் வரும். 81 மில்லிமீட்டர் போருக்குச் சுமார் 7. வால்வ் சத்தம் குறுக்கிட்டால் அதன் இரு மடங்கில் கேட்கலாம். கம்பெனி ஈசியுவில் இது ஒவ்வொரு சிலிண்டருக்கும் செய்து முடித்தே வருகிறது. அதை இழப்பது சின்ன விஷயம் அல்ல.

முதல் ஓட்டங்களை, பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங் தரும் அழுத்தத்திலேயே முடியுங்கள். காற்று-பெட்ரோல் விகிதத்தைப் புகையிலிருந்து அளக்கும் வைட்பேண்ட் சென்சாரை டர்போவின் டர்பைனுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் இருக்கும் அழுத்தம் ரீடிங்கைக் கெடுக்கும். குளிர் ஸ்டார்ட் மேப்புக்குப் பல நாள் ஒதுக்குங்கள். என்ஜின் முழுதாக ஆறினால்தான் அடுத்த முயற்சி.

அந்தக் கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், டைமிங் லைட் சோதனையை முதல் பத்தியிலேயே சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டர்போ என்ஜின் ட்யூனிங் செய்யும் ஒரு வாசகர்