பிசாவில் இருந்து: மன்சோவா கரை உடைந்த செய்தி

மாப்ளே,

நலம். தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலையா? பெரியவன் காலேஜ் சேர்ந்துவிட்டான் என்று அண்ணாச்சி சொன்னார், நீ சொல்லவே இல்லை, ஊருக்கு வந்து வைத்துக்கொள்கிறேன் உன்னை.

இங்கே மேற்கு ஆப்பிரிக்காவில், கினி-பிசாவில், முந்திரி சீசன் உச்சத்தில் இருக்கிறது. கொட்டை அறுத்துப் பார்த்துப் பார்த்து விரல் நுனியெல்லாம் எண்ணெய் பட்டுத் தோலுரிந்து கிடக்கிறது. 80 கிலோ மூட்டைக்கு 50 பவுண்டு பருப்புக்குக் குறையவில்லை, பண்ருட்டியில் எல்லோரும் கொண்டாடுவார்கள். எனக்குத்தான் மனசு சரியில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும், இங்கே சொன்னால் புரிந்துகொள்ள ஒரு விவசாயி இல்லை, அதனால் உனக்கு.

போன வாரம் மன்சோவா பக்கம் ஒரு கிராமத்துக்குச் சரக்கு பார்க்கப் போனேன். பலாந்தா சனங்கள். இந்த கினி-பிசாவ் நாடு இருக்கிறதே, அவ்வளவு தட்டை, ஓதம் ஏறினால் கடல் தண்ணீர் ஆற்று வழியே வெகுதூரம் உள்ளே வந்துவிடும். அந்த உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டித்தான் பலாந்தாக்கள் தலைமுறை தலைமுறையாக நெல் விளைவிக்கிறார்கள். நம்ம பிச்சாவரம் மாதிரி அலையாத்திக் காட்டை வெட்டி, சுற்றிலும் மண்கரை எழுப்பி, மழை பெய்து உப்பைக் கழுவக் காத்திருந்து, அப்புறம்தான் நடவு. போலாஞா என்கிறார்கள் அந்த வயலை. தண்ணீர் வடிய, குடைந்த பனந்தடியைக் கரைக்குள் குழாயாகப் பதித்து, ஓதம் ஏறும்போது அடைத்து, இறங்கும்போது திறந்துவிடுகிறார்கள். மண் வெட்டுவது ஆளை விட நீளமான காம்பு வைத்த மரத்துடுப்பு, நுனியில் மட்டும் இரும்புப் பட்டை. ஒரு பெரியவர் செய்து காட்டினார். துடுப்பைச் சேற்றில் செருகி, காம்பைத் தொடையில் முட்டுக் கொடுத்து ஒரு நெம்பு நெம்பினார், தலையணை அளவுக்குக் கட்டி அப்படியே பிசிறில்லாமல் வந்து விழுந்தது. நீ பார்த்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பாய்.

அந்தக் கரைதான் அமாவாசை ஓதத்தில் உடைந்துவிட்டது. நான் போனபோது வயல் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. மழை ஜூனில் வந்துவிடும், அதற்குள் கரையைக் கட்டினால்தான் இந்த வருஷம் நெல். கட்ட இருபது முப்பது வாலிபர்கள் சேர்ந்து இறங்க வேண்டும். இருப்பவர்கள் கிழவர்கள். பையன்கள் பிசாவுக்கும் லிஸ்பனுக்கும் போய்விட்டார்கள், மிச்சம் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும் முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்குகிறார்கள். கடல் வேறு வருஷா வருஷம் ஏறுகிறது.

முந்திரியை நான் திட்டவில்லை மாப்ளே, அது போட்ட சோறுதான் உனக்கும் எனக்கும். ஆனால் ஒரு நாட்டின் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்கு ஒரே கொட்டை என்றால் அது பயங்கரம் இல்லையா? காட்டை அழித்துத் தோப்பு, தரிசெல்லாம் தோப்பு. கொட்டையை வியாபாரியிடம் கொடுத்து அரிசி வாங்கித் தின்கிறார்கள். நல்ல வருஷம் கிலோவுக்குக் கிலோ, விலை விழுந்தால் இரண்டு மூன்று கிலோ கொட்டைக்கு ஒரு கிலோ அரிசி. அதுவும் ஆசியாவிலிருந்து கப்பலில் வருகிற நொய். 2022 செப்டம்பரில் இந்தியா நொய் ஏற்றுமதியை நிறுத்தியதே, நமக்கு அது பேப்பரில் ஒரு மூலைச் செய்தி, மேற்கு ஆப்பிரிக்காவில் அது அடுப்படி வரைக்கும் வந்தது. நெல் விளைவிக்கத் தெரிந்த சனம் நொய்க்குக் கப்பல் பார்த்து நிற்கிறது!

இந்த நாட்டு விடுதலைக்குப் போராடிய அமில்கார் கப்ரால் ஒரு வேளாண் பொறியாளர், தெரியுமா? 1953-ல் ஊர் ஊராகப் போய் விவசாயக் கணக்கெடுத்தவர். அப்போது போர்ச்சுக்கீசியர் வேர்க்கடலை போடச் சொல்லி நெருக்கிக்கொண்டிருந்தார்கள், ஒற்றைப் பயிர் மண்ணையும் மனுஷனையும் கெடுக்கும் என்று அன்றைக்கே எழுதினார். 1973 ஜனவரியில் கொன்றுவிட்டார்கள், அதே செப்டம்பரில் விடுதலை அறிவிப்பு. அவர் படம் இங்கே சுவர் சுவராக இருக்கிறது, கடலை போன இடத்தில் முந்திரி உட்கார்ந்திருக்கிறது.

சரி, நல்லதும் சொல்கிறேன். இங்கே பிஜாகோஸ் தீவுக்கூட்டம், 88 தீவு, 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பொய்லாவ் என்று ஒரு குட்டித் தீவு, புனித பூமி என்று யாரும் குடியேறவில்லை, அதனாலேயே பச்சை ஆமைகள் ஆயிரக்கணக்கில் வந்து முட்டையிடுகின்றன. ஒராங்கோ தீவில் நீர்யானை உப்புத் தண்ணீரில் நீந்துகிறது. கட்டாயம் காட்டுவேன் உனக்கு.

இப்போது வேலை ஒன்று. 2004 சுனாமியில் கிள்ளைப் பக்கம் உப்பேறிய வயல்களை எத்தனை மழையில் மீட்டார்கள், என்ன போட்டார்கள், எந்த நெல் தாங்கியது என்று உன் சின்ன மாமாவிடம் விவரமாகக் கேட்டு எழுது. ஜூனுக்குள் வேண்டும். அந்தப் பெரியவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

உன்
கூட்டாளி