இன்னும் இரண்டு வாரம்

அன்புள்ள நண்பனுக்கு,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இங்கே எல்லோரும் நலம். நீங்களும் நலம் என்று மீசைக்காரர் சொன்னார். உன் முதுகுவலியைப் பற்றியும் விஸ்தாரமாகச் சொன்னார். வழக்கம்போல பாதியைத்தான் நம்பினேன்.

எழுதாமல் இருந்ததற்கு வேலைப்பளு என்று சாக்குச் சொல்லலாம். உண்மையில் வெட்கம்தான். எழுதினால் பதிலின் முதல் வரியிலேயே, படங்களுக்குப் பெயர் மாற்றி அடுக்கும் நம் இலவச நிரலின் புதிய பதிப்பைப் பற்றி, "4.0 எப்போது?" என்று கேட்பாய். மற்றவர்களுக்கு "இன்னும் இரண்டு வாரம்" என்று சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. உன்னிடம் அந்தப் பொய் வராது.

போன ஞாயிற்றுக்கிழமை நிரலைப் பயன்படுத்துகிறவர்களுக்கு முன்னேற்ற அறிக்கை எழுத உட்கார்ந்தேன். முந்தையதில் என்ன சொல்லியிருந்தோம் என்று பழையவற்றைத் திறந்தேன். பிப்ரவரியில், "பெரும்பகுதி முடிந்தது, இன்னும் இரண்டு வாரம்." ஏப்ரலில், "இறுதிக் கட்டத்தில் இருக்கிறோம்." (இருக்கிறோமாம்! நீ போன பிறகு நான் ஒருவன்தானே?) ஜூனில், "சிறு தாமதம், இன்னும் இரண்டு வாரம்." அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. ஒவ்வொன்றையும் மனதார நம்பித்தான் எழுதியிருக்கிறேன். அலுவலகம் முடிந்து வந்து, கண் சொக்கும்வரை கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தை ஒரு முழு நாளாகக் கணக்குப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த ஒன்றரை மணி நேரங்களை எது தின்றது என்று கேள். ஒருவருடைய பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்கள் மொத்தமும் நம் நிரலில் 1970 கோப்புறைக்குப் போய்விட்டன. படத்துக்குள் எடுத்த தேதி இல்லாவிட்டால் சுழியை எடுத்துக்கொள்கிறது. கணினி நேரத்தை வினாடி வினாடியாக எண்ணத் தொடங்கும் இடம் அது; சுழி என்றால் கிரீனிச் நேரப்படி 1970 ஜனவரி 1 பிறக்கும் நொடி. இது உனக்கே தெரியும், அந்த வரியை எழுதிய புண்ணியவான் நீதான். இதற்குள் இன்னொருவர், தன் படங்கள் 1969-இல் கிடக்கின்றன என்று எழுதினார். இது வேறு பிழை என்று நினைத்து இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரு நள்ளிரவில்தான் உறைத்தது: அவர் கிரீனிச்சுக்கு மேற்கே வசிக்கிறார். அந்தச் சுழி வினாடியில் அவருடைய ஊரில் இன்னும் டிசம்பர் 31! "தேதி தெரியாதவை" என்று தனிக் கோப்புறை போட்டு முடித்தேன். திருத்தம் பதினோரு வரி. இதை அறிக்கையில் எப்படி எழுதுவது? "இந்த மாத முன்னேற்றம்: பதினோரு வரி" என்றா?

நடுவே ஒருவர், "இந்தத் திட்டம் செத்துவிட்டதா?" என்று கேட்டிருந்தார். வணக்கம்கூட இல்லை. நான்கு பத்தியில் காரசாரமாகப் பதில் எழுதி, காலையில் அழித்துவிட்டேன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு மௌனத்துக்கும் மரணத்துக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?

நீ அன்றைக்கே சொன்னாய், தேதியை நிலையாக வைத்து உள்ளடக்கத்தைக் குறை என்று. நான்தான் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைத் தருகிறவர்களைக் காட்டி, "தயாரானதும் வரும்" என்று வீம்பு பிடித்தேன். அவர்களே அதற்குப் பட்ட பாடு வசதியாக மறந்துவிட்டது: 3.0 வந்தது 2002 ஜூலையில், 3.1 வந்தது 2005 ஜூனில். படம் திருத்தும் நிரலான கிம்ப் 2.10-க்கும் 3.0-க்கும் நடுவே 2018 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை ஏறக்குறைய ஏழு ஆண்டுகள். (அந்தப் பந்தயத்தில் நீ தோற்றது நினைவிருக்கட்டும்.) லினக்ஸின் மையப் பகுதியான கருவகத்தில் புதியவற்றைச் சேர்க்க இரண்டு வாரம், அப்புறம் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்க ஒரு முன்பதிப்பு, ஒன்பது பத்து வாரத்தில் வெளியீடு. இந்த பஸ்ஸைத் தவறவிட்டவர் அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம், யாரும் மாரடித்து அழுவதில்லை. எனக்கோ ஒரே பஸ், அதில் எல்லா மூட்டையையும் ஏற்றியாக வேண்டும் என்று நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருக்கிறேன். சரி, நீ சொன்னதுதான் சரி. மார்தட்டிக்கொள்ளாதே.

இனி விளையாட்டுப் பேச்சு இல்லை. நான்கு மாதமாக முகம் தெரியாத ஒருவர் நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்புகிறார். சுத்தமான வேலை, பணிவான பேச்சு. போன வாரம், "உங்களுக்கு நேரமில்லையே, வெளியிடும் உரிமையை எனக்கும் கொடுக்கலாமே?" என்றார். அதே வாரத்தில் வேறு இருவர் தாமதத்தைப் பற்றிப் புலம்பினார்கள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் நிரலின் கதை உனக்குத் தெரியும். 2022-இல் அந்தப் பராமரிப்பாளரை இப்படித்தான் ஆளாளுக்கு நச்சரித்தார்கள். இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை, மனநலமும் சரியில்லை என்று அவர் சொல்லியும் பார்த்தார். உதவிக்கு வந்தவர் கடைசியில் வெளியிடும் இடத்துக்கே வந்துவிட்டார். 2024-இல் 5.6.0, 5.6.1 என்ற இரண்டு பதிப்புகளிலும் பின்கதவு, அதாவது கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு வழி. ஒரு பொறியாளருக்கு, வேறொரு கணினிக்குள் போகும் எஸ்எஸ்எச் நுழைவு அரை வினாடி கூடுதலாக இழுப்பது கண்ணில் பட்டதால் தப்பித்தோம்.

நம்மிடம் வந்திருப்பவர் நல்லவராகத்தான் இருப்பார். படங்களுக்குப் பெயர் மாற்றும் நிரலுக்குள் புகுந்து யார் என்ன சாதிக்கப்போகிறார்கள்? ஆனாலும், சலித்துப்போய்ச் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடுவேனோ என்று என் மேலேயே எனக்குப் பயம். "திருத்தங்களைச் சரிபார்க்கும் பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், வெளியீடு இப்போதைக்கு என்னிடம் இருக்கட்டும்" என்று எழுதினேன். மறுநிமிடமே "சரி" என்று பதில் வந்தது. உடனே ஒப்புக்கொண்டாரே என்று அதற்கும் சந்தேகப்பட்டேன். இலவசமாக உழைக்க வந்த மனிதரை இப்படிப் பார்க்கும்படி ஆகிவிட்டதே என்று அன்று இரவு தூக்கம் வரவில்லை. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? வேடிக்கையை விட்டுவிட்டு நேராகச் சொல்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை 4.0 வெளியாகும். முகம் பார்த்துப் படங்களைப் பிரிக்கும் பகுதியை வெட்டி 4.1-க்குத் தள்ளிவிட்டேன். வெட்டும்போது கை நடுங்கியது, எட்டு மாத உழைப்பு. அறிக்கையில் முடிந்ததை மட்டும் எழுதியிருக்கிறேன். "இன்னும்" என்ற சொல் ஓர் இடத்தில்கூட இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்.

உன் பழைய மடிக்கணினி இன்னும் உயிரோடு இருந்தால் முன்பதிப்பை அதில் ஓட்டிப் பார். நேர மண்டலத்தைக் கிரீனிச்சுக்கு மேற்கே மாற்றிவிட்டு ஓட்டு. 1969 என்று ஏதாவது முளைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுது. முதுகைப் பார்த்துக்கொள்.

உன்,
தாமதன்