டீச்சருங்க ஸ்ட்ரைக்குக்கு நாங்களும் கூட நிக்கிறோம்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

எங்க ஊர் டீச்சருங்க சம்பள வித்தியாசத்தை சரிபண்ணச் சொல்லி ஸ்ட்ரைக் போகப்போறாங்கன்னதும் டீக்கடையில ஒருத்தர் "கவர்மெண்ட் சம்பளம் வாங்குறவங்களுக்கு என்ன குறை"ன்னு ஆரம்பிச்சாரு, எனக்கு சுருக்குன்னுச்சு. 2009 மே 31 வரைக்கும் சேர்ந்த, சின்ன கிளாஸ் எடுக்குற இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படை சம்பளம் 8,370, மறுநாள் ஜூன் 1ல இருந்து சேர்ந்தவங்களுக்கு வெறும் 5,200ன்னு போட்டாங்க, படிப்பும் ஒண்ணு வேலையும் ஒண்ணு, ஒரு நாள் பிந்துனதுக்கு இந்த தண்டனையா? என் பொண்ணோட டீச்சர் பேக்ல எப்பவும் நாலு பென்சில் இருக்கும், பட்டன் போன சட்டைக்கு குத்த ஊக்கு இருக்கும், எல்லாம் சொந்த காசு.

பெத்தவங்க சிலபேர் பேசிட்டோம், பந்தலுக்கு மோரும் தயிர்சாதமும் எங்க வீட்ல இருந்துதான் போகும், ஸ்ட்ரைக் முடியுற வரைக்கும் பசங்களுக்கு வாய்ப்பாடு கோயில் திண்ணையில.

இப்படிக்கு,
ரெண்டாங்கிளாஸ் புள்ளையோட அப்பா, மணப்பாறை